கலிபோர்னியா லைசென்ஸும் 25 மணி நேரப் படிப்பும்: விலக்கு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

கேள்வி சுருக்கமாக இது: "சென்னை உயர் நீதிமன்றத்தில் சில ஆண்டுகள் வக்கீலாக இருந்தேன். பிறகு கலிபோர்னியா பார் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கி சான் ஹோசேயில் வேலை பார்த்தேன். இப்போது அம்மாவைக் கவனித்துக்கொள்ள கோயம்புத்தூருக்கு வந்துவிட்டேன். வழக்கு எதுவும் எடுப்பதில்லை, இங்கே ஒரு சட்டக் கல்லூரியில் முழுநேரமாகப் பாடம் நடத்துகிறேன். 25 மணி நேரத் தொடர் கல்வியை முடிக்கச் சொல்லி கலிபோர்னியாவிலிருந்து நினைவூட்டல் வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் விலக்கு உண்டு என்கிறார் என் மாமா. கலிபோர்னியா மாநில அரசில் வக்கீலாக இருக்கும் என் தோழியோ இதுவரை ஒரு வகுப்புக்கும் போனதில்லையாம். நானும் விலக்கு கேட்கலாமா?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட விலக்குக்குப் போதாது. கோயம்புத்தூரில் இருப்பது, வழக்கு எடுக்காமல் இருப்பது, இங்குள்ள கல்லூரியில் பேராசிரியராக இருப்பது, எதுவுமே. உங்கள் தோழிக்கு இருப்பது உண்மையான விலக்கு, ஆனால் அது அவர் பார்க்கும் வேலையோடு ஒட்டியது. உங்களுக்கு வேறு ஒரு வழி இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், விலக்கு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்வது நல்லது. இதில் தப்பான நம்பிக்கையோடு ஒரு படிவத்தில் டிக் அடித்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

கலிபோர்னியாவில் லைசென்ஸ் 'ஆக்டிவ்' நிலையில், அதாவது தொழில் செய்ய அனுமதியுள்ள நிலையில், இருக்கிற ஒவ்வொரு வக்கீலும் மூன்று ஆண்டுகளுக்கு 25 மணி நேரம் படிக்க வேண்டும். அதில் தொழில் நெறிமுறைக்கு 4 மணி நேரம், சட்டத் தொழிலில் பாரபட்சத்தை ஒழிப்பது பற்றி 2, தொழில் செய்யும் தகுதி பற்றி 2 (குடிப்பழக்கம், மன அழுத்தம் போன்றவை இதில் வரும்), தொழில்நுட்பத்துக்கு 1, கண்ணியமான நடத்தைக்கு 1 என்று 10 மணி நேரம் கட்டாயப் பாடங்கள். மீதி 15 மணி நேரம் உங்கள் விருப்பம். மொத்தத்தில் பாதி, அதாவது பன்னிரண்டரை மணி நேரமாவது, நீங்கள் கலந்துகொண்டதை வகுப்பு நடத்துபவர் பதிவு செய்கிற வகையாக இருக்க வேண்டும். மற்ற பாதியைத் தனியாகப் படித்துக் கணக்குக் காட்டலாம். முன்பு இது 36 மணி நேரமாக இருந்தது, 1999-இல்தான் 25 ஆகக் குறைந்தது. கூடுதலாகப் படித்துவிட்டால் அடுத்த மூன்றாண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.

யாருக்கு எந்த ஆண்டு கெடு என்பது கடைசிப் பெயரின் முதல் எழுத்தைப் பொறுத்தது. ஆங்கில அகரவரிசையில் ஏ முதல் ஜி வரை முதல் குழு, எச் முதல் எம் வரை இரண்டாம் குழு, என் முதல் இஸட் வரை மூன்றாம் குழு. நம்மவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் வந்திருக்கும், நண்பர்களுக்கோ அவர் தன் சொந்தப் பெயரில்தான் தெரியும். விதி எளிமையானது: லைசென்ஸ் வாங்கிய அன்று கடைசிப் பெயராகப் பதிவானது எதுவோ அதை வைத்தே குழு. பின்னால் பெயரை மாற்றினாலும் குழு மாறாது. 'என் பேர் இப்போ வேற எழுத்து, அதனால கெடு அடுத்த வருஷம்' என்று தானாக முடிவு செய்துகொள்ள வேண்டாம். கலிபோர்னியாவில் வக்கீல்களைக் கண்காணிக்கும் அமைப்பான ஸ்டேட் பாரின் இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போனால் எந்தக் குழு என்று தெரிந்துவிடும்.

சரி, விலக்குக்கு வருவோம். கலிபோர்னியா விதியில் நான்கே வகையினருக்குத்தான் முழு விலக்கு. மாநிலத்தின் உயர் பதவியாளர்களும் மாநில அளவில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் ஒரு வகை. அவர்களைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. சட்டக் கல்லூரியில் முழுநேரப் பேராசிரியர்கள் இரண்டாம் வகை. கலிபோர்னியா மாநில அரசில் முழுநேர வக்கீலாகவோ நிர்வாகச் சட்ட நீதிபதியாகவோ (அரசுத் துறைகள் தொடர்பான தகராறுகளை விசாரிப்பவர்) இருப்பவர்கள் மூன்றாவது. அமெரிக்க மத்திய அரசில் அதே மாதிரி வேலையில் இருப்பவர்கள் நான்காவது. இத்தோடு பட்டியல் முடிந்தது.

உங்கள் மாமா சொன்ன பேராசிரியர் விலக்கு இதில் இரண்டாவது. அவர் சொன்னது முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. அந்தச் சட்டக் கல்லூரி அமெரிக்க வக்கீல்களின் தேசிய சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷனாலோ கலிபோர்னியா ஸ்டேட் பார் தரப்பாலோ அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்த கோயம்புத்தூர் கல்லூரி எவ்வளவு நல்ல கல்லூரியாக இருந்தாலும் அந்தக் கணக்கில் வராது. நீங்கள் பேராசிரியர்தான், முழுநேரமும்தான், ஆனால் அவர்கள் கேட்கிற கல்லூரியில் இல்லை. அமெரிக்காவிலேயே இருந்துகொண்டு வாரத்துக்கு ஒரு மாலை வகுப்பு எடுக்கும் பகுதிநேர ஆசிரியர்களுக்கும் இந்த விலக்கு கிடையாது. அவர்களுக்கு வேறு ஆதாயம் உண்டு: அங்கீகாரம் பெற்ற சட்டக் கல்லூரியில் ஒரு பாடம் நடத்தினால், அந்தப் பாடத்துக்குக் கல்லூரி தரும் யூனிட் (கிரெடிட்) எண்ணிக்கையை 12-ஆல் பெருக்கி அத்தனை மணி நேரம் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று யூனிட் பாடம் ஒன்று நடத்தினால் 36 மணி நேரம்! கட்டாயப் பாடங்களைத் தனியாக முடித்தால் போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆண்டுதோறும் வகுப்புக்குக் காசு கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் தோழி மூன்றாம் வகை. அவருக்கு விலக்கு உண்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு. அரசு வேலைக்கு வெளியே வக்கீல் தொழில் செய்யக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நம் ஊர்க்காரர் ஒருவர் அமெரிக்காவில் வக்கீலாக இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மச்சானின் வாடகை ஒப்பந்தம், சித்தப்பாவின் உயில், கோயில் கமிட்டிக்கு ஒரு நோட்டீஸ், தெரிந்தவர் மகனுக்கு விசா சிக்கல். 'ஃபீஸ் வாங்கலையே' என்று சொன்னால் அது தொழில் இல்லை என்று ஆகிவிடாது. இன்னொருவருடைய குறிப்பிட்ட பிரச்சினைக்குச் சட்ட ஆலோசனை சொல்லி ஆவணம் எழுதிக் கொடுத்தால், காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது வக்கீல் வேலைதான். என் பார்வையில் அன்றைக்கே விலக்கு ஆட்டம் கண்டுவிடுகிறது. இலவச சேவைக்கு விதியே ஒரு கதவு திறந்து வைத்திருக்கிறது: தகுதி பெற்ற சட்ட உதவி அமைப்பு ஒன்றின் மூலமாக ஏழைகளுக்கு இலவசமாக வாதாடினால் அரசு வக்கீல் விலக்கை இழக்க மாட்டார். மச்சானுக்குச் செய்வது அந்தக் கதவு வழியாகப் போகாது. உங்கள் தோழிக்கு இதை ஒருமுறை நினைவுபடுத்திவிடுங்கள்.

'அரசு' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். மாநில அரசும் மத்திய அரசும்தான் பட்டியலில் இருக்கின்றன. கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) இல்லை, நகராட்சி இல்லை. கவுன்டி அரசின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகத்தில் குற்ற வழக்கு நடத்துகிறவரும், அதே கவுன்டியில் ஏழைகளுக்காக வாதாடும் பப்ளிக் டிஃபெண்டரும், நகராட்சி வக்கீலும் எல்லோரையும் போலவே 25 மணி நேரம் முடித்தாக வேண்டும். எதிரே நிற்கும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலக வக்கீலுக்கு மட்டும் விலக்கு. இது நியாயமா என்று கேட்டால், எனக்கும் சரியான பதில் தெரியாது. கவுன்டி வக்கீலுக்கும் வாடிக்கையாளர் அரசுதான், பயிற்சியும் உள்ளேயே கிடைக்கிறது. சட்டம் எழுதியவர்கள் கோடு போட்ட இடம் அது, அவ்வளவுதான்.

இந்தக் கோட்டை எதிர்த்து ஒருவர் நீதிமன்றம் போனதும் நடந்திருக்கிறது. தொடர் கல்வி கலிபோர்னியாவில் 1992-இல் தொடங்கியது. அப்போது விலக்குப் பட்டியலில் ஓய்வுபெற்ற நீதிபதிகளும் இருந்தார்கள். வார்டன் என்ற வக்கீல் படிக்க மறுத்தார், அவருடைய லைசென்ஸை ஸ்டேட் பார் 'இன்ஆக்டிவ்' (தொழில் செய்ய முடியாத) நிலைக்கு மாற்றியது, அவர் வழக்குப் போட்டார். அவருடைய வாதம் இது: வக்கீல்களின் திறமையை உயர்த்துவதுதான் நோக்கம் என்றால், ஓய்வுபெற்ற நீதிபதிக்கும் அரசியல் பதவியாளருக்கும் பேராசிரியருக்கும் மட்டும் ஏன் சலுகை? அவர்களும் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள், நினைத்தால் நாளைக்கே வாடிக்கையாளரை எடுக்கலாமே? 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது, திட்டமே ஆட்டம் கண்டது. 1999 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, விலக்குகள் செல்லும் என்றது. இந்தப் பிரிவினர் பொதுவாக மற்ற வக்கீல்களைப் போல முழுநேரமும் வாடிக்கையாளருக்காக வாதாடுகிறவர்கள் இல்லை, எனவே பொதுமக்களைப் பாதுகாக்க வந்த விதியிலிருந்து அவர்களை விட்டுவிட ஏதோ ஒரு அறிவுக்குப் பொருந்திய காரணம் இருக்கிறது, அது போதும் என்பது பெரும்பான்மையின் நிலை. நீதிபதிகள் கென்னார்டும் பிரவுனும் அதை ஏற்கவில்லை.

எனக்கு அந்தத் தீர்ப்பில் பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று. விலக்கின் தர்க்கம் 'இவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும்' என்பதல்ல, 'இவரால் பொதுமக்களுக்கு வரக்கூடிய ஆபத்து குறைவு' என்பது என்று அது தெளிவாக்கியது. இதைப் பிடித்துக்கொண்டால் விதிகளில் பாதி தானாகப் புரிந்துவிடும். முப்பது வருட அனுபவம் ஏன் விலக்கு ஆகாது, அரசு வக்கீல் ஏன் வெளியே வேலை செய்யக் கூடாது, எல்லாவற்றுக்கும் விடை அங்கே இருக்கிறது. பிடிக்காதது, ஓய்வுபெற்ற நீதிபதிகளை அந்தக் கணக்கில் சேர்த்தது. ஓய்வு பெற்ற பிறகு தனியார் சமரசம், மத்தியஸ்தம் என்று நல்ல வருமானத்தோடு அவர்கள் இயங்குவது கலிபோர்னியாவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இன்றைய பட்டியலில் அவர்கள் இல்லை. பதவியில் இருக்கும் நீதிபதிகளின் கதை வேறு. மாநில அரசமைப்புச் சட்டப்படி, பதவியில் இருக்கும் காலத்தில் அவர்கள் ஸ்டேட் பார் உறுப்பினர்களே அல்ல, அதனால் இந்த விதி அவர்களைத் தொடுவதில்லை. அவர்களுக்கென்று தனிப் பயிற்சி விதிகள் இருக்கின்றன.

இனி, விலக்கு இருப்பதாகப் பலர் நம்பி, உண்மையில் இல்லாதவை. மற்ற மாநிலங்களில் கேட்டதை இங்கே பொருத்திப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கட்டாயத் தொடர் கல்வியை முதலில் கொண்டுவந்தது மினசோட்டா, 1975-இல். அதற்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்கள் சேர்ந்துகொண்டன. மேரிலாந்து, மாசசூசெட்ஸ், மிச்சிகன், தெற்கு டகோட்டா ஆகியவற்றில் இன்றும் எல்லா வக்கீல்களுக்குமான இப்படிப்பட்ட கட்டாயம் கிடையாது. கொண்டுவந்த மாநிலங்களும் விலக்கை ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கின்றன.

வயதை எடுத்துக்கொள்ளுங்கள். நெவாடாவில் 70 வயதானால் தொடர் கல்வி கிடையாது. வட கரோலினாவில் 65 வயதைத் தாண்டியவர், இன்னொரு வக்கீலின் மேற்பார்வை இல்லாமல் வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்வதில்லை என்றால் விலக்குப் பெறலாம். கலிபோர்னியாவில் 85 வயதிலும் லைசென்ஸ் ஆக்டிவாக இருந்தால் படித்தே ஆக வேண்டும். வருமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கனெடிகட் 2017-இல்தான் ஆண்டுக்கு 12 மணி நேரம் என்று கட்டாயம் கொண்டுவந்தது. கொண்டுவரும்போதே, அந்த ஆண்டில் சட்டத் தொழிலில் 1,000 டாலருக்குக் குறைவாகச் சம்பாதித்தவர்களை விட்டுவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. உங்களைப் போன்றவர்களுக்கு நேராகப் பொருந்தும். கலிபோர்னியாவில் அப்படி எதுவும் இல்லை. ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காத ஆக்டிவ் வக்கீலும் லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறவரும் இந்த விதிக்கு ஒன்றே.

வெளிநாட்டில் இருப்பது என்ற காரணம் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து வந்த செய்தி. இந்தியாவில் சட்டம் படித்தவர்கள் ஒரு வருடம் எல்.எல்.எம். (சட்ட முதுநிலைப் படிப்பு) முடித்து நியூயார்க் தேர்வு எழுதுவது வழக்கம், அதனால் அந்த மாநில விதிகள் நம்மவர் வாயில் அதிகம் அடிபடும். அங்கே இரண்டு ஆண்டுக்கு 24 மணி நேரம், புதிதாக வந்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டில் 32. நியூயார்க்கில் தொழில் செய்யாத வக்கீலுக்கு அங்கே விலக்கு உண்டு. ஓய்வு பெற்றதாகப் பதிவு செய்தவர்களுக்கும், ராணுவத்தில் முழுநேரப் பணியில் இருப்பவர்களுக்கும்கூட உண்டு. ஆகவே நியூயார்க் லைசென்ஸோடு சென்னையில் வெறும் இந்தியச் சட்டம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் படிக்காமல் இருப்பது சரிதான். ஆனாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பதிவுப் படிவத்தையும் 375 டாலர் கட்டணத்தையும் அவர் அனுப்பித்தான் ஆக வேண்டும், ஓய்வு என்று பதிவு செய்தவருக்கு மட்டும் அந்தக் கட்டணம் இல்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டே நியூயார்க் நிறுவனத்துக்கு நியூயார்க் சட்டப்படி ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறவர் அந்த விலக்கில் டிக் அடிப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். உங்கள் மாமா கேள்விப்பட்டது அநேகமாக இந்த நியூயார்க் விதியாக இருக்கும். கலிபோர்னியா விதியில் நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்ற கேள்வியே இல்லை.

சிலிக்கான் வேலி கம்பெனிகளில் உள்வக்கீலாக இருப்பவர்களும் 'நான் ஒரே கம்பெனிக்குத்தானே வேலை பார்க்கிறேன்' என்று நினைப்பதுண்டு. அவர்களுக்கும் விலக்கு இல்லை. வேறு மாநில லைசென்ஸை வைத்துக்கொண்டு, கலிபோர்னியாவில் 'பதிவு பெற்ற உள்வக்கீல்' என்ற ஏற்பாட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு நிலைமை இன்னும் கடுமை. மூன்று ஆண்டுக்கான 25 மணி நேரத்தையும் அவர்கள் முதல் ஆண்டிலேயே முடிக்க வேண்டும்.

உடல்நலம், குடும்ப நெருக்கடி ஆகியவற்றுக்குக் கலிபோர்னியாவில் விலக்கு என்ற பெயரில் எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. உடல் அல்லது மனநோய், இயற்கைப் பேரிடர், குடும்பத்தில் அவசரநிலை, பணக்கஷ்டம் அல்லது வேறு தகுந்த காரணத்தால் அந்த மூன்றாண்டின் கணிசமான பகுதியில் படிக்க முடியாமல் போனவர், நிபந்தனையைத் தனக்கேற்ப மாற்றித் தரும்படி ஸ்டேட் பாருக்கு விண்ணப்பிக்கலாம். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். உங்கள் அம்மாவின் நிலைமை இதற்குள் வரலாம். மருத்துவமனை ஆவணங்கள் இருந்தால் எடுத்து வையுங்கள், கெடு நெருங்குவதற்கு முன்பே எழுதுங்கள். ஆனால் நீங்கள் முழுநேரமாகக் கல்லூரியில் பாடம் நடத்துவதை அவர்கள் பார்ப்பார்கள். 'வேலைக்குப் போக முடிந்தவர் ஆண்டுக்கு எட்டு மணி நேரம் படிக்க முடியவில்லையா' என்ற கேள்வி வரும். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன அந்த வேறு வழி. லைசென்ஸை நீங்களாகவே இன்ஆக்டிவ் நிலைக்கு மாற்றிக்கொள்வது. தமிழ்நாட்டு வக்கீல்களுக்கு இது புதிது அல்ல. முழுநேரச் சம்பள வேலைக்குப் போகும்போது பார் கவுன்சிலில் எழுதிக் கொடுத்து சன்னத்தை (வக்கீல் தொழில் செய்யும் அனுமதியை) நிறுத்தி வைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. லைசென்ஸ் பறிபோவதில்லை, ஒழுங்கு நடவடிக்கை என்ற கறையும் வராது. ஆண்டுக் கட்டணமும் ஆக்டிவ் நிலையில் கட்டுவதைவிடக் குறைவு. இன்ஆக்டிவ் நிலையில் இருக்கும் மாதங்களுக்குத் தொடர் கல்வி தேவையில்லை. பதிலுக்கு, அந்தக் காலத்தில் கலிபோர்னியா வக்கீல் என்று சொல்லிக்கொண்டு ஒருவருக்கும் ஆலோசனை தரக் கூடாது. விசிட்டிங் கார்டு, லிங்க்ட்இன், கல்லூரி இணையதளத்தில் உங்கள் அறிமுகம் ஆகிய எல்லா இடத்திலும் வார்த்தைகளைத் திருத்த வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்றாண்டு என்பது 36 மாதம். அதில் எத்தனை முழு மாதம் இன்ஆக்டிவாகவோ விலக்கிலோ இருந்தீர்களோ, அந்த விகிதத்தில் மணி நேரம் குறையும். பாதிக் காலம், அதாவது 18 மாதம், இன்ஆக்டிவாக இருந்தால் 25-இல் பாதி, பன்னிரண்டரை மணி நேரம் போதும். 24 மாதம் இன்ஆக்டிவாக இருந்தால் ஏறத்தாழ எட்டரை. கட்டாயப் பாடங்களும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே மாறுவது என்று முடிவெடுத்தால் தள்ளிப்போட வேண்டாம். மூன்றாண்டின் கடைசி மாதத்தில் மாறினால் மிச்சமாவது ஒரு மணி நேரம்கூட வராது. திரும்ப ஆக்டிவ் ஆக விரும்பும்போது விண்ணப்பமும் கட்டண வித்தியாசமும் கொடுத்து வரலாம். அதற்காகப் பார் தேர்வை மறுபடி எழுத வேண்டியதில்லை.

நீங்களாக இன்ஆக்டிவ் ஆவதும், கெடுவைத் தவறவிட்டு அவர்கள் உங்களை இன்ஆக்டிவ் ஆக்குவதும் வேறு வேறு. இரண்டாவதில் முதலில் தாமதக் கட்டணம் வரும். அதன் பிறகும் அசையாவிட்டால் 'தொழில் செய்யத் தகுதியில்லை' என்று பொதுப் பதிவில் ஏறும். பெயரைத் தேடுகிற யாரும் அதைப் பார்க்கலாம், திரும்பி வர விடுபட்ட படிப்பையும் முடித்து மேற்கொண்டு கட்டணமும் கட்ட வேண்டும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. இல்லாத விலக்கை இருப்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போடுவது. விலக்கு தானாக வருவதில்லை, ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் இணையப் படிவத்தில் கோர வேண்டும், அதுவும் பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியோடு. ஸ்டேட் பார் ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்கிறது. 2014-இல் ஸ்டேட் பார் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு ஒரு வழக்கைத் தீர்த்தது. ஒரு வக்கீல் தன் ஆவணங்களைச் சரிபார்க்காமலே 25 மணி நேரமும் முடித்துவிட்டதாக உறுதி கொடுத்திருந்தார். தணிக்கையில் காட்டச் சான்று இல்லை. வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்பது ஒருபுறம் இருந்தாலும், சரிபார்க்காமல் உறுதி கொடுத்ததே பெரிய அலட்சியம், தொழில் ஒழுக்கத்துக்கு எதிரானது என்று சொல்லி பகிரங்கக் கண்டனம் கொடுத்தார்கள். விடுபட்ட மணி நேரத்தைப் பிறகு முடித்துவிடலாம். கண்டனம் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். கோயம்புத்தூர்க் கல்லூரியைக் காட்டி நீங்கள் 'முழுநேரப் பேராசிரியர்' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் இதே சிக்கல்தான்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் ஒரே ஒரு கேள்வியை வைத்து முடிவெடுப்பேன்: அடுத்த இரண்டு மூன்று ஆண்டுக்குள் கலிபோர்னியா லைசென்ஸை உபயோகித்து வேலை பார்க்கப் போகிறீர்களா? இல்லை என்றால் இந்த வாரமே இன்ஆக்டிவ் ஆகிவிடுங்கள், இதுவரை ஆக்டிவாக இருந்த மாதங்களுக்கான பங்கை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள். போகலாம் என்ற எண்ணம் இருந்தால், அல்லது இங்கிருந்தே ஏதாவது ஒரு கலிபோர்னியா நிறுவனத்துக்கு ஆலோசகராக இருக்கும் வாய்ப்புத் தெரிந்தால், ஆக்டிவாகவே வைத்துக்கொண்டு படித்து முடிப்பது மேல். எல்லாமே இணையத்தில் கிடைக்கிறது, முன்பே ஒளிப்பதிவு செய்து வைத்த வகுப்புகளும் செல்லும், இலவசமாகத் தருகிறவர்களும் உண்டு. வகுப்பு நடத்துபவர் கலிபோர்னியா அங்கீகாரம் பெற்றவரா என்று மட்டும் முதலில் பாருங்கள். நெறிமுறை, பாரபட்சம் போன்ற கட்டாயப் பாடங்களை முன்னால் முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் 25 மணி நேரம் தேறிவிட்டது, தொழில்நுட்பத்துக்கு ஒரு மணி நேரம் விட்டுப்போயிற்று என்று ஓடுகிறவர்கள் அதிகம். சான்றிதழ்களைப் படிவம் அனுப்பிய பிறகு குறைந்தது ஓராண்டாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நான் அதற்கு மேலும் வைத்திருக்கச் சொல்வேன், ஒரு பிடிஎஃப் கோப்புக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

உங்கள் தோழிக்கும் ஒரு செய்தி. அரசு வேலையை விட்டுத் தனியார் நிறுவனத்துக்கு மாறினால், விலக்கு அந்த வேலையோடு போய்விடும். மூன்றாண்டில் மீதி இருக்கும் மாதங்களுக்கு அவருக்கும் விகிதக் கணக்கு தொடங்கும். வேலை மாறும் பரபரப்பில் இதை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள், புது நிறுவனத்தின் மனிதவளத் துறையும் கேட்காது. வேலையை விடும் தேதியை அவரே குறித்து வைத்துக்கொள்ளட்டும்.